தலையணைக்குள் ஒரு சிவப்புத் துணி

பூங்காவனம் அந்தத் துணியைக் கையால் தொடவில்லை. அடுப்பு இடுக்கியால் எடுத்துத்தான் பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடினாள். மூடிய டின்னையும் வீட்டுக்குள் வைக்க மனம் வராமல் கோழிக்கூண்டின் மேல் வைத்தாள். விடிந்ததும் முதல் வேலையாக, அது அங்கேயே இருக்கிறதா என்று போய்ப் பார்த்தாள். இருந்தது.

போன வாரத்துச் சங்கதி மறந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. பூங்காவனத்தின் ஒன்பது வயது மகள் சிவகாமிக்கு மூன்று வாரமாகக் கையும் காலும் ஓர் இடத்தில் நிற்கவில்லை. தம்ளர் நழுவுகிறது. கையெழுத்துக் கோணுகிறது. யாரோ பக்கத்தில் நின்று கிச்சுக்கிச்சு மூட்டுவதுபோல் தோள் துள்ளுகிறது, முகம் சுளிக்கிறது. காரணமில்லாமல் அழுகிறாள், கண்ணீர் காய்வதற்குள் சிரிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சேட்டை என்று முட்டி போட வைத்தார்கள். நேற்று அவளுடைய அத்தை பொன்னம்மா படுக்கையை வெயிலில் உதறியபோது, தலையணை உறைக்குள்ளிருந்து விழுந்தது ஒரு சிவப்பு ஃப்ளானல் துணி. சுருட்டி மூன்று முடிச்சுப் போட்டிருந்தது. கற்பூரமும் ஏதோ கொழுப்பும் கலந்த வாடை.

"லோங்கானிஸ்!" என்றாள் பொன்னம்மா. அந்தத் தீவில், தேர் ரூஜ் கிராமத்தில் யார் வீட்டிலும் சூனியத்துக்கு அதுதான் பெயர்.

துணியின் ஓரத்தில் வெள்ளை நூலில், எலிப்பல் வரிசைபோல நெருக்கமான தையல். அந்தத் தையலைப் பார்த்த பிறகுதான் பூங்காவனம் இடுக்கியைத் தேடினாள். வேலிக்கு அப்பால் இருக்கும் தையற்காரி ஜோசெட்டின் கை அது.

எட்டு வருஷப் பழக்கம். சிவகாமிக்கு அவள் 'தாந்தின்', சித்தி மாதிரி. காவடி முடிந்தால் இங்கிருந்து இலைச் சாப்பாடு வேலி தாண்டிப் போகும். நொயேல் என்ற கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு அங்கிருந்து சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பலகாரம் வரும். "புதுச் சட்டி, புது எண்ணெய். மாமிசம் பட்ட சட்டி இல்ல, பூங்கா," என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிக் கொடுப்பாள். அப்படிப்பட்டவளா?

அப்படிப்பட்டவள்தான் செய்வாள், பழகினவளுக்குத்தானே வீட்டுக்குள் வழி தெரியும் என்று சொன்னது பூங்காவனத்தின் மனசு.

"முதல்ல டாக்டர்," என்றான் அவள் புருஷன் வீரசாமி, சைக்கிளைத் துடைத்தபடி. "இன்னிக்கு வியாழக்கிழமை, டிஸ்பென்சரிக்கு வருவாரு. பத்து மணிக்கெல்லாம் போயிடு, பூங்கா."

வீரசாமி ரயில் பட்டறையில் தச்சன். பயணி ரயில் நின்று ஒரு வருஷமாகப் போகிறது. பட்டறையில் ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இந்த ஐம்பத்தேழாம் வருஷத் தைப்பூசத்துக்கு, வேலை நிலைப்பதற்காக மகள் பால் செம்பு எடுப்பாள் என்று அவன் வேண்டிக்கொண்டான். சிவகாமி எடுத்தாள். வேலையும் இதுவரை நிலைத்திருக்கிறது.

"டாக்டர் பார்க்கட்டும், நான் வேணாங்கல," என்றாள் பொன்னம்மா. "ரெண்டு மணி பஸ்ஸுல நாங்க பாம்பூ ஊருக்குப் போறோம். அங்க பேயோட்டற மனுஷன் இந்தத் துணியைப் பிள்ளை கண் முன்னாடியே எரிச்சு, புகையில நிக்க வெச்சு, வேப்பங்கொத்தால நாலு போட்டார்னா..."

"பிள்ளை தாங்குவாளா, அக்கா?"

"பிள்ளையையா அடிக்கிறாங்க? உள்ள இருக்கறதைத்தான்."

வீரசாமி நிமிர்ந்து கோழிக்கூண்டைப் பார்த்தான். டின்னைப் பார்த்தான். பிறகு, காற்று சரியாக இருந்த சைக்கிள் டயரையே அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்படியே கிளம்பிப் போனது பூங்காவனத்துக்கு என்னவோபோல் இருந்தது. ஆனால் அன்று அவளுக்குச் சந்தேகப்பட வேறு ஆள் இருந்தது.

ஒன்பதரை மணிக்குச் சிவகாமியைக் கையில் பிடித்து வாசலுக்கு வந்தபோது, வேலிக்கு மேல் ஜோசெட்டின் தலை தெரிந்தது. அவர்களுக்குள் எப்போதும் கிரியோல் மொழியில்தான் பேச்சு.

"போன்ழூர், பூங்கா! எங்கே இவ்வளவு காலையிலே? என் குட்டி ராணி ஏன் மூணு வாரமா இந்தப் பக்கம் வரலே?"

பூங்காவனம் மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இனிமேல் வரமாட்டா. உன் ஊசியையும் நூலையும் உன் வீட்டோட வெச்சுக்கோ."

"என்ன சொல்றே?"

"உனக்குத் தெரியும்."

ஜோசெட்டின் கண் சிவகாமியின் கையில் நின்றுவிட்டது. சேலைத் தலைப்புக்கு வெளியே தெரிந்த அந்தச் சின்ன விரல்கள், யார் கண்ணுக்கும் தெரியாத ஆர்மோனியத்தை வாசிப்பதுபோல் ஓடிக்கொண்டிருந்தன. ஜோசெட்டின் முகம் வெளுத்தது. நெற்றியிலும் மார்பிலும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

செய்தவளுக்குத்தான் பயம் வரும் என்று நினைத்தாள் பூங்காவனம்.

ஜோசெட் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது முதுகுக்குப் பின்னாலிருந்து சிவகாமி தலையை ஆட்டினாள். வேண்டாம், சொல்லாதே என்று. ஜோசெட் வாயை மூடிக்கொண்டாள்.

பூங்காவனம் அதைப் பார்த்துவிட்டாள். தன் வயிற்றில் பிறந்தவளுக்கும் வேலிக்கு அந்தப் பக்கத்தவளுக்கும் தன்னை விட்டுவிட்டு ஒரு ரகசியம்! வழியெல்லாம் அவள் மகளோடு பேசவில்லை.

டாக்டர் டானியேல் ஒல்லியான மனிதர். மேசையில் மருந்துப் பெட்டி, பக்கத்தில் ஆறிப்போன தேநீர். அவர் சிவகாமியைத் திட்டவில்லை; சும்மா நில் என்றும் சொல்லவில்லை.

"நாக்கை நீட்டி அப்படியே வெச்சிரு, பார்க்கலாம்."

சிவகாமி நீட்டினாள். நாக்கு நிற்கவில்லை. உள்ளே ஓடியது, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போனது.

"இந்த ரெண்டு விரலையும் இறுக்கிப் பிடி. விடாதே."

பிடித்தாள். டாக்டர் பூங்காவனத்தைக் கூப்பிட்டு, தன் விரலை எடுத்துக்கொண்டு அவள் விரலைக் கொடுக்கச் சொன்னார். பிடி இறுகியது, தளர்ந்தது, இறுகியது, தளர்ந்தது. கல்யாணத்துக்கு முன் பிறந்த வீட்டில் மாடு கறந்தவள் பூங்காவனம். "டாக்டர், இது பால் கறக்கிற மாதிரி இருக்கு!" என்றாள்.

"அதேதான். எங்க புத்தகத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கு." அவர் முதல்முறையாகச் சிரித்தார். பிறகு குழாயை மார்பில் வைத்து நெடுநேரம் கேட்டார். சிரிப்பு போய்விட்டது.

"மதாம், ரெண்டு மூணு மாசம் முன்னாடி இவளுக்குத் தொண்டை வலி வந்துதா? காய்ச்சலோட?"

"இல்லவே இல்லை." பூங்காவனத்தின் குரலில் பெருமை இருந்தது. "தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம் இருந்தா. வெயில்ல பால் செம்பு தூக்கி நடந்தா. காய்ச்சல்காரங்க செம்பு தூக்கக் கூடாதுன்னு பூசாரி கொடியேத்தின அன்னிக்கே சொல்லிடுவாரு."

"நீ சொல்லு, குழந்தை."

சிவகாமி தரையைப் பார்த்தாள். "இல்லை," என்றாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "இது பேயும் இல்லை, சேட்டையும் இல்லை. கை கால் தானா ஆடற வியாதி, பிரெஞ்சுல சேன் கி நடனம்னு சொல்லுவாங்க. தொண்டையில ஒரு நோய் வரும். அதை விரட்டறதுக்கு உடம்பு ஒரு காவல்காரனைக் கிளப்பி விடும். நோய் போனப்புறமும் அவன் வீட்டுக்குப் போகாம, திருடன்னு நெனைச்சு வீட்டுப் பிள்ளையையே அடிக்கிறான். சில டாக்டர்கள் இப்போ அப்படித்தான் நினைக்கிறாங்க. மூளையை அடிச்சா இந்த ஆட்டம். அது கொஞ்சம் கொஞ்சமா அடங்கிடும். ஆனா இருதயத்தையும் அடிச்சா..."

"அடிச்சிருக்கானா?"

"ஒரு சின்னச் சத்தம் கேட்குது. இன்னும் நிச்சயமில்லை." அவர் குரலைத் தாழ்த்தினார். "தொண்டை வலி இருந்ததுன்னு தெரிஞ்சா, இன்னிக்கே பெனிசிலின் ஊசியை ஆரம்பிச்சிடுவேன். மாசம் ஒண்ணு, பல வருஷம். இல்லைன்னா வேற வியாதியான்னு பார்க்கணும். பெரிய ஆஸ்பத்திரி, முதுகெலும்புல ஊசி, எல்லாம். வீட்டுல நல்லா விசாரிங்க. நாலு மணி வரைக்கும் இங்கே இருப்பேன். அதுவரைக்கும் படுக்கையை விட்டு எழுப்பாதீங்க. ஓடவோ பயப்படவோ கூடாது."

பயப்படக் கூடாது. பாம்பூவில் புகையும் வேப்பங்கொத்தும் காத்திருந்தன.

வீட்டுக்கு வந்ததும் சிவகாமி களைத்துத் தூங்கிப்போனாள். பொன்னம்மா எலுமிச்சம்பழமும் கற்பூரமும் பையில் எடுத்து வைத்தாள்.

"டாக்டர் என்னமோ காவல்காரன், திருடன்னு கதை சொன்னாராமே! தொண்டை வலி இல்லைன்னு நீயே சொல்லிட்டே. அப்புறம் என்ன? துணி கையில கெடச்சிருக்கு. இதைவிட என்ன சாட்சி வேணும் உனக்கு?"

பூங்காவனம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மகளைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவள், சட்டென்று குனிந்தாள்.

சிவகாமியின் கைகள் அசையவில்லை. தோள் துள்ளவில்லை. முகம், மூன்று வாரத்துக்கு முன் இருந்த அதே முகம்.

"அக்கா, இங்க வாங்க. பிள்ளை தூங்கினா அதுவும் தூங்கிடுதே! ஏவி விட்டது ஏன் தூங்கணும்?"

பொன்னம்மா எட்டிப் பார்த்தாள். "இளைப்பாறுது," என்றாள். ஆனால் அவள் குரலில் காலையில் இருந்த உறுதி இல்லை.

பூங்காவனம் கொல்லைக்குப் போனாள். டின்னைத் திறந்தாள். இடுக்கியைத் தேடவில்லை, முருகா என்று சொல்லிக் கையாலேயே துணியை எடுத்தாள். முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். உள்ளே முடியும் இல்லை, எலும்பும் இல்லை, ஒன்றுமே இல்லை. நான்கு விரல் அகலத்தில் ஒரு பட்டை. ஒரு நுனியில் ஊசி குத்திய துளைகள். நடுவில் கொழுப்புக் கறை.

கறை. தைப்பூச வாரத்தில் சிவகாமியின் மஞ்சள் சட்டைக் கழுத்தில் இதே கறை இருந்தது. மூன்று தரம் சவுக்காரம் போட்டும் போகவில்லை. தலைக்கு வைத்த எண்ணெய் என்று அவள் நினைத்தாள்.

உள்ளே வந்து, தூங்கும் மகளின் கழுத்தின்மேல் துணியைப் பட்டும் படாமலும் வைத்தாள். சரியாக ஒரு சுற்று. ஊசி குத்துவதற்கு இரண்டு விரல் மிச்சம்.

சிவகாமி கண் விழித்தாள். துணியைப் பார்த்ததும் உதடு கோணியது, தோள் துள்ளியது, அழுகை வெடித்தது.

"அம்மா, எரிச்சிடாதம்மா! இல்ல, எரிச்சிடு! அதுல ஆட்டுக் கொழுப்பு இருக்கு!"

"என்னடி சொல்றே?"

"தொண்டை வலிச்சுது. எச்சில் முழுங்க முடியல. நீ கோயிலுக்குப் போனப்புறம் தாந்தின் ஜோசெட் கிட்டே போனேன். அவங்க கற்பூரம் போட்டுச் சூடா கட்டினாங்க. மூணாம் நாளுதான் கேட்டேன், இது என்னன்னு. ஆட்டுக் கொழுப்புன்னாங்க. விரதத்துல இருக்கேன்னு அவங்களுக்குத் தோணல. அதுக்குத்தான் முருகன் என்னைப் போட்டு ஆட்டறாரு."

"என்கிட்டே ஏண்டி சொல்லல?"

"சொன்னா செம்பு தூக்க விடமாட்டே. அப்பாவுக்கு வேலை போயிடும். தாந்தினையும் சத்தியம் பண்ணச் சொன்னேன். துணியை நான்தான் முடிச்சுப் போட்டுத் தலையணைக்குள்ள ஒளிச்சு வெச்சேன்."

பூங்காவனம் மகளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். துள்ளும் கையைத் தன் இரு கைக்குள்ளும் பொத்திக்கொண்டாள்.

"கொழுப்பைப் பார்க்கிறவரு இல்லடி அவரு. அந்த வெயில்ல ஒரு சொட்டுச் சிந்தாம பாலைக் கொண்டுபோய்ச் சேர்த்தியே, அதைப் பார்த்தவரு. கழுத்துல துணி கட்டின கையையும் பார்த்திருப்பாரு."

தெருமுனையில் பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு மணி.

"பூங்காவனம்! பஸ் நிக்காது, சீக்கிரம்!" பொன்னம்மா பையோடு வாசலில் நின்றாள்.

"அக்கா, பஸ் போகட்டும். நான் வேலிக்கு அந்தப் பக்கம் போயிட்டு வரேன். நீங்க பிள்ளை பக்கத்துல உக்காருங்க."

"அவ வீட்டுக்கா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"கெட்டுத்தான் போயிருந்துது, அக்கா, காலையிலேருந்து."

ஜோசெட்டின் வீட்டில் தையல் இயந்திரம் ஓடவில்லை. அவள் மாதா படத்துக்கு முன் உட்கார்ந்திருந்தாள். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. வாசலில் நிழல் விழுந்ததும் எழுந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தோ என்னவோ, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

பூங்காவனம் சிவப்புத் துணியை நீட்டினாள். "இதைச் சூனியம்னு நினைச்சேன், ஜோசெட். உன்னை நினைச்சேன்."

ஜோசெட் துணியைப் பார்த்தாள், பூங்காவனத்தைப் பார்த்தாள். "ஆயோ! சூனியம் பண்றவ இவ்வளவு நல்லா ஓரம் தைப்பாளா?" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், அழுகை வந்துவிட்டது. "ஒரு தரம் என்னைக் கேட்டிருக்கலாமே, பூங்கா."

"கேட்கல. தப்புதான். இப்போ கேட்கிறேன். அவ தொண்டையை நீ பார்த்தியா?"

"விளக்கு வெச்சுப் பார்த்தேன். செக்கச் சிவப்பு. வெள்ளை வெள்ளையாப் புள்ளி. உடம்பு அடுப்பா கொதிச்சுது. நாலு நாள்." ஜோசெட் கண்ணைத் துடைத்தாள். "காலையிலே அவ கையைப் பார்த்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. என் தங்கச்சி ஷான்தாலுக்கும் சின்ன வயசுல இப்படித்தான் ஆடிச்சு. அன்னிக்கே நான் டாக்டர்கிட்டே கூட்டிப் போயிருக்கணும். பிள்ளைக்குக் கொடுத்த வாக்குன்னு சும்மா இருந்துட்டேன்."

ஷான்தால் என்ன ஆனாள் என்று பூங்காவனம் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

"இதையெல்லாம் டாக்டர்கிட்டே வந்து சொல்லுவியா?"

ஜோசெட் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சிவகாமி நடக்கக் கூடாதே! இரண்டு பெண்களும் மணிக்கட்டை மணிக்கட்டோடு கோத்து நாற்காலி போட்டார்கள். சிவகாமி நடுவில் உட்கார்ந்து ஒரு கையால் அம்மாவின் கழுத்தையும் மறு கையால் தாந்தினின் கழுத்தையும் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் அவள் கை துள்ளி ஜோசெட்டின் காதில் இடித்தது. "அடி, அடி. கடனைத் தீர்த்துக்கோ," என்றாள் ஜோசெட்.

பின்னால் யாரோ வேகமாக நடந்து வரும் சத்தம் கேட்டது. பொன்னம்மா! குடையை விரித்து மூவர் தலைக்கும் மேலே பிடித்தாள்.

"பிள்ளைக்கு வெயில் படுது," என்றாள், யாரையும் பார்க்காமல். கொஞ்ச தூரம் போனதும் குடையை ஜோசெட் பக்கம் ஒரு சாண் சாய்த்தாள்.

மூன்றரை மணிக்கு ஊசி போட்டாயிற்று. டாக்டர் ஜோசெட் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். "நல்லாப் பார்த்திருக்கீங்க, மதாம். இந்தப் புள்ளிகளைச் சொன்னதே பாதி வைத்தியம்." மார்பில் கேட்ட சத்தத்தைப் பற்றி மட்டும், ஆறு வாரம் படுக்கையில் வைத்துப் பார்க்கலாம் என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை.

திரும்பி வந்து சிவகாமியைப் படுக்க வைத்துவிட்டு, ஜோசெட்டை வேலி வரைக்கும் கொண்டுவிடப் போனாள் பூங்காவனம்.

"உன் வீட்டுக்காரர்கிட்டே நீயே சொல்லிடு, பூங்கா," என்றாள் ஜோசெட். "அவருக்குக் கொடுத்த வாக்கையும் சேர்த்து உடைச்சுட்டேன்னு."

"எந்த வாக்கு?"

ஜோசெட்டின் கை வாய்க்குப் போனது. "அவரும் சொல்லலையா? மத்தியானம் நீ துணியோட வந்ததும், அவர் சொல்லித்தான்னு நினைச்சேனே..."

"எந்த வாக்கு, ஜோசெட்?"

"மூணாம் நாள் சாயங்காலம் அவர் வேலிப் பக்கம் வந்தாரு. பிள்ளை கழுத்துல துணியைப் பார்த்தாரு. நெத்தியைத் தொட்டுப் பார்த்தாரு. 'இன்னும் ஒரே நாள், மதாம். செம்பு போய்ச் சேரட்டும். அவ அம்மாவுக்குத் தெரிய வேணாம்'னாரு."

ஜோசெட் போய்விட்டாள். பூங்காவனம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம். தொட்ட கை காய்ச்சலை அறியாமலா இருந்திருக்கும்? காலையில் டயரை அழுத்தியதும் அந்தக் கைதானே? நேற்றிலிருந்து பொன்னம்மா சூனியம் சூனியம் என்று கத்தியபோதெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டு நின்ற மனுஷன்! பிள்ளையைவிட வேலை பெரிதாகப் போய்விட்டதா? இல்லை, இதற்கும் பின்னால் இன்னும் ஏதாவது...

மனசு காலையில் ஓடிய அதே ரோட்டில் ஓடத் தொடங்கியதை அவளே கண்டுகொண்டாள். 'ஒரு தரம் என்னைக் கேட்டிருக்கலாமே, பூங்கா.'

அவள் அந்தச் சிவப்புத் துணியைச் சவுக்காரம் போட்டுத் துவைத்தாள். வாசலுக்கு நேரே, கொடியில் காயப்போட்டாள்.

ஐந்து மணிக்குச் சைக்கிள் மணி கேட்டது. வீரசாமி சீட்டியடித்துக்கொண்டே வந்தான். கைப்பிடியில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம், மகளுக்கு. கொடியில் காற்றில் ஆடிய சிவப்பைப் பார்த்தான். சீட்டி நின்றது. சைக்கிளிலிருந்து இறங்கியவன் அதைச் சாத்தக்கூட மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஊசி போட்டாச்சு. மீதியை ஆறு வாரம் கழிச்சுச் சொல்றாராம்."

பூங்காவனம் உள்ளே போய்ப் பித்தளைத் தம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தாள். அவன் கண்ணைப் பார்த்து நீட்டினாள்.

"குடிங்க. குடிச்சுட்டு, மூணாம் நாள் சாயங்காலம் வேலிகிட்டே என்ன நடந்துதுன்னு சொல்லுங்க. நீங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் எதையும் நினைக்கப் போறதில்ல."

வீரசாமி தம்ளரை வாங்கினான். உதட்டுக்குக் கொண்டு போகவில்லை. ஜன்னல் வழியே, கட்டிலில் படுத்திருந்த சிவகாமி தலையைத் தூக்கி, அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள்.

தம்ளர் கல்லில் விழுந்து உருண்டது. இந்த முறை அது விழுந்தது சிவகாமியின் கையிலிருந்து அல்ல.